எட்டு ஜிபி எங்கே?

மாத்தளையில் ஒரு பொருள் காணாமல் போனால் முதலில் பொலிசுக்குப் போவார்கள். அடுத்து குறி கேட்கப் போவார்கள். இரண்டும் கைகொடுக்காவிட்டால்தான் மரிய கொறற்றியின் மாடிப்படியில் ஏறுவார்கள். றுஸ்னா நேரே மாடிப்படிக்கே வந்துவிட்டாள். அதனாலேயே பஸ்லிக்கு அவள்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

கொறற்றி மிஸ் ஒரு காப்புறுதிக் கம்பனியில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவர். செத்துப்போனதாகக் காசு கேட்கப்படுபவர்கள் உண்மையிலேயே செத்துப்போனார்களா என்று பார்த்துச் சொல்லும் வேலை. ஓய்வு கிடைத்த பிறகும் சந்தேகம் ஓய்வு எடுக்கவில்லை. திருகோணமலை வீதியில் ஒரு பாமசிக்கு மேலே அறை எடுத்து, ‘விசாரணைகள்’ என்று மூன்று மொழிகளில் பலகை மாட்டிவிட்டார். பஸ்லி அவருக்குத் த்ரீவீல் ஓட்டுபவன், உதவியாளன், யாரும் கேட்காத நேரத்தில் கருத்துச் சொல்பவன். கடைசி வேலைக்கு மட்டும் அவனுக்குச் சம்பளம் கிடையாது.

“என்னா காணாமப் போச்சு புள்ள?” என்றார் மிஸ்.

“எட்டு ஜிபி, மிஸ்.”

“எட்டு என்னது?” என்றான் பஸ்லி.

“கொம்பியூட்டர்ட ரேம், நானா. வேல செய்யிறப்போ மெஷின் எல்லாத்தையும் அதுலதான் ஞாபகம் வச்சிக்கும். பதினாறு இருந்த எடத்துல இப்ப எட்டுதான் காட்டுது.”

“இத என்ட வீட்டுல சொல்லிராதீங்க. எனக்கும் பாதிதான் வேல செய்யுதுண்டு அவ ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டிருக்கா.”

மிஸ் ஒரு பார்வை பார்த்தார். பஸ்லி வாயை மூடிக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டான்.

றுஸ்னா அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது, பேச்சு மட்டும் நேராக இருந்தது. ஷிஹாம் ஹாஜியாரின் கடையில் கல்யாணக் கார்டும் அல்பமும் வடிவமைப்பவள் அவள். இந்த மாதத்தோடு விலகி, தன் ஊரான இரத்தோட்டையில் சொந்தமாக ஒரு சின்னக் கடை திறக்கப் போகிறாள். அதற்காகப் பாவித்த கொம்பியூட்டர் ஒன்றை வாங்கி, வாகனம் கிடைக்கும்வரை ஹாஜியார் கடையின் பின்னறையில் வைத்திருந்தாள். அங்கேதான் பிடித்தது வினை.

“ஹாஜியார்ட பெரிய மெஷின்ல எட்டு ஜிபி ரேம் ரெண்டு இருக்கு. ரெண்டும் உள்ளதான் இருக்கு, மிஸ். ஆனா மெஷின் ஒன்னத்தான் கணக்குல எடுக்குது. நான் நல்லத எடுத்து என்ட மெஷின்ல போட்டுட்டு, செத்த ஒன்னக் கொண்டாந்து அங்க சொருவிட்டேனாம். காலையில பக்கத்து மிட்டாய்க்கடைக்காரருக்கும் கேக்கிற மாதிரி கத்தினார். பின்னறையப் பூட்டி சாவிய எடுத்துக்கிட்டார்.”

“உங்க மேல ஏன் சந்தேகம்?”

“நேத்து ஜும்ஆக்கு ஆம்பளைங்க எல்லாரும் கதவச் சாத்திட்டுப் பள்ளிக்குப் போனாங்க. நான் மட்டும்தான் உள்ள இருந்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்பிடித்தான். இப்ப ரேம் விக்கிற விலைக்கு, தனியா இருந்தவ எடுக்காம இருப்பாளாண்டு கேக்கிறார்.”

“நேத்து மெஷின் ஒழுங்கா வேல செஞ்சுச்சா?”

“எங்க மிஸ். இழுத்துக்கிட்டுத்தான் கெடந்துச்சு. ஒரு அல்பத்தத் தொறக்கவே உயிர் போச்சு. ஹாஜியாருக்கு வொய்ஸ் மெசேஜ் கூடப் போட்டேன். அவர் வொய்ஸ் மெசேஜ் கேக்கிற ஆள் இல்ல.”

மிஸ் தலையை ஆட்டினார். “இப்ப என்னா சொல்றார்?”

“பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகு பள்ளி ட்ரஸ்டிமார்கிட்ட சொல்லப் போறாராம்.” இதைச் சொல்லும்போதுதான் அவளுடைய குரல் உடைந்தது. “இரத்தோட்டைக்கு அந்தக் கத பஸ் ஏறாமலே போயிரும், மிஸ். கள்ளிண்டு பேர் வாங்கினவகிட்ட யாரு மகள்ட கல்யாணக் கார்டக் குடுப்பாங்க? தொறக்க முந்தியே என்ட கடை மூடிரும்.”

பஸ்லிக்குப் பகிடி எதுவும் வரவில்லை. அவனுக்கும் இரண்டு தங்கச்சிமார். த்ரீவீல் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

*

முதலில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அம்ஹரின் பழுதுபார்க்கும் கடைக்குப் போனார்கள். ஹாஜியாரின் மெஷினைப் பராமரிப்பவன் அவன்தான். வழியிலேயே பஸ்லி வழக்கை முடித்துவிட்டான்.

“மிஸ், சுருக்கமாச் சொல்றேன். திங்கக்கிழம ஹாஜியார்ட மெஷின சேர்விஸ் பண்ணினது அம்ஹர். இந்தப் புள்ளைக்குப் பாவிச்ச மெஷின வித்ததும் அம்ஹர். அங்க இருந்து கழட்டி இங்க மாட்டி வித்துட்டான். நேரே பொலிசுக்குப் போவமா, மொதல்ல கொத்து சாப்பிடுவமா?”

“திங்கக்கிழம சேர்விஸ் முடிஞ்சதும் எத்தன காட்டிச்சு, புள்ள?” என்று பக்கத்தில் இருந்தவளைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார் மிஸ்.

“பதினாறு. நானே பாத்தேன். வியாழக்கிழம வரைக்கும் பறந்துச்சு.”

“அப்ப கொத்து சாப்பிடுவம்” என்றான் பஸ்லி.

அம்ஹர் கழுத்து வரைக்கும் கீபோர்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

“அல்லாஹ்வே! காலையில பாக்கப் போன நான் மூணு காரணம் சொன்னேன், மிஸ். ரேம் செத்திருக்கலாம். அது இருக்கிற ஸ்லொட் கெட்டிருக்கலாம். யாராவது மாத்தியிருக்கலாம். ஹாஜியார் மொத ரெண்டயும் காதுல வாங்கவே இல்ல. மூணாவதச் சொன்ன உடனே எழும்பிட்டார்.”

“ரெண்டு ரேமையும் எடம் மாத்தி வச்சுப் பாக்கல்லியா?”

“பாக்க விட்டாத்தானே! ‘சாட்சிப் பொருள், கை வைக்காதே’ண்டார். மூடியத் தொறந்து டோர்ச் அடிச்சு, ரெண்டும் இருக்குதாண்டு எண்ணினதோட சரி.”

“திங்கக்கிழம மெஷின்ல என்னா கோளாறு?”

“எறும்பு, மிஸ். உள்ளுக்குள்ள ஊரே கட்டிக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துல மிட்டாய்க்கடை தானே. நல்லா ஊதித் தள்ளினேன். ஹாஜியார் அன்டைக்குத் தம்புள்ளையில. போன்ல எடுத்து, திரும்ப எறும்பு வந்துச்சுண்டா மெஷினே போயிரும்ண்டு சொன்னேன்.”

“பயந்துட்டாரா?”

“பின்ன? அந்த மெஷின் அவருக்கு இன்னொரு பொண்டாட்டி.”

மிஸ் நன்றி சொல்லிவிட்டுத் த்ரீவீலில் ஏறிக்கொண்டார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பைப் பஸ்லி இதற்கு முன்பும் பார்த்திருக்கிறான். கண்டியில் புதைக்கப்பட்ட ஒருவரை நாவலப்பிட்டியில் பாண் வாங்கும்போது பிடித்த அன்றைக்கு அது வந்தது.

“என்ன மிஸ், எறும்பா கள்ளன்?”

“எறும்பு எதயாச்சும் தூக்கிட்டுப் போகும், பஸ்லி. பழி போடாது.”

*

ஷிஹாம் ஹாஜியார் பருத்த மனிதர், வெள்ளைத் தொப்பி, வெள்ளை மனசு என்று ஊரில் பேர். இன்றைக்கு முகம் மட்டும் கறுத்திருந்தது. ஆனாலும் கடை தேடி வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் சண்டை பிடிக்கும் வழக்கம் அவருடைய பரம்பரையில் இல்லை. பிளேன்டீ வந்தது. சீனிப் போத்தலும் வந்தது. பஸ்லி மூன்று கரண்டி போட்டுக் கலக்கி ஒரு வாய் குடித்தான். பல்லில் ஏதோ கடிபட்டது. நாக்கு விறைத்துப் போயிற்று.

“ஹாஜியார், சீனிக்குள்ள என்னமோ கெடக்கு!”

“அது கராம்பு, தம்பி. எறும்பு வராம இருக்கப் போடுறது. வாப்பாட காலத்துலேர்ந்தே எங்களுக்குக் கராம்பு, மிளகு யாவாரம். இந்தக் கடையில எந்த லாச்சிய இழுத்தாலும், எந்த அலுமாரியத் தொறந்தாலும் நாலு கராம்பு ஈக்கும். பக்கத்துல மிட்டாய்க்கடை. ஆனா என்ட கடையில ஒரு எறும்பக் காட்டுங்க பாப்பம்.”

“கல்லாப் பெட்டிக்குள்ளயுமா?”

“அதுக்குள்ளயும்தான்.”

“அதுல என்ன இனிப்பு ஈக்குதுண்டு எறும்பு வரப்போகுது?”

ஹாஜியார் சிரிக்கவில்லை. கொறற்றி மிஸ்ஸின் பக்கம் திரும்பினார். “நோனா, நீங்க பெரிய மனுசி. இந்தப் புள்ளைக்காகப் பேச வந்திருக்கீங்க. நான் இவள மகள் மாதிரி வச்சிருந்தேன். மவுசப் புடிக்கப் பழக்கினதே இங்கதான். இப்ப எனக்கே எதிர்க்கடை போடுறா. போகட்டும். ஆனா போகக்க என்ட ரேமையும் கொண்டு போறது சரியா?”

வாசலில் நின்ற றுஸ்னா வாயைத் திறக்கப் போனாள். மிஸ் கையைக் காட்டி நிறுத்தினார்.

“உங்க மெஷினுக்குள்ள நீங்க எப்பவாச்சும் கை வச்சிருக்கீங்களா, ஹாஜியார்?”

“நானா! அதுட சுவிட்ச் எங்க ஈக்குதுண்டே எனக்குத் தெரியா.”

“அம்ஹர் கழட்டிப் பூட்டுறப்போ பக்கத்துல நின்னு பாத்திருப்பீங்க.”

“எங்க? திங்கக்கிழம நான் தம்புள்ளையில. இன்டைக்கு அவன் மூடியத் தொறந்து பாத்தான், அவ்வளவுதான். அதுக்குள்ள என்ன ஈக்குதுண்டு அல்லாஹ்வுக்கும் அம்ஹருக்கும்தான் வெளிச்சம்.”

“சரிங்க. ஒரு சோதனை செஞ்சு பாப்பம். றுஸ்னா தொட்டா நீங்க நம்ப மாட்டீங்க. நான் தொட்டா, இவளுக்காக வந்தவள்னு சொல்வீங்க. பஸ்லி தொட்டா எனக்கே பயம். பொருள் உங்களோடது, புகாரும் உங்களோடது. கையும் உங்களோடதாவே இருக்கட்டும்.”

ஹாஜியார் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

றுஸ்னா வாசலில் நின்றபடியே சொல்லச் சொல்ல அவர் செய்தார். கரண்டு வயரைக் கழற்றினார். பெட்டியை மேசையில் படுக்க வைத்தார். பக்கத்து மூடியை எடுத்தார். உள்ளே பச்சைப் பலகையில் இரண்டு ரேம்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன, ஒரே நீளம், ஒரே நிறம். எது திருட்டு, எது அசல் என்று சொல்ல அவற்றில் பேரா எழுதியிருக்கிறது?

“செத்ததுண்டு சொல்றீங்களே, அந்த ரெண்டாவது ரேமை எடுங்க” என்றார் மிஸ்.

ஹாஜியார் குனிந்தார். இரண்டு பெருவிரல்களும் ரேமின் இரண்டு முனைகளுக்கும் போய், அங்கிருந்த சின்னக் கொளுக்கிகளை ஒரே நேரத்தில் வெளிப்பக்கமாக அழுத்தின. டக்கென்று ரேம் மேலே எழும்பிக் கையோடு வந்தது. நகத்தைக்கூட இடித்துக்கொள்ளாமல் வேலை சுத்தமாக நடந்தது. மிஸ் தேத்தண்ணியை எடுத்து நிதானமாக ஒரு வாய் குடித்தார்.

“இப்ப மத்ததையும் எடுத்துட்டு, செத்தத மட்டும் மொதல் எடத்துல வைங்க.”

வைத்தார். மெஷினைப் போட்டார்கள். திரை வெளிச்சமானது. றுஸ்னா சொன்ன இடத்தில் அழுத்தினார். எட்டு ஜிபி என்று காட்டியது.

ஹாஜியார் குனிந்து திரையை மறுபடி பார்த்தார்.

“செத்தவர் எழும்பிட்டார்” என்றான் பஸ்லி. “மிஸ், உங்க பழைய கம்பனிக்குச் சொல்லி அனுப்பவா?”

“இருடா. ஹாஜியார், இப்ப மெஷின அணைச்சு, இத எடுத்து ஒரு பக்கம் வச்சிட்டு, நல்லதுண்டு சொன்னத ரெண்டாவது எடத்துல வைங்க.”

மெஷின் பீப் என்றது. மறுபடியும் பீப். திரை கறுப்பாகவே இருந்தது. ஹாஜியார் இரண்டு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தார். காலையில் உயிரோடு இருந்த ரேம் இப்போது மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தது.

“ஆளுல பழுதில்ல” என்றார் மிஸ். “ஒக்கார்ற எடத்துலதான் பழுது. யாரு ஒக்காந்தாலும் அந்தக் கதிரையில மெஷினுக்கு ஆள் தெரியல. அப்படீன்னா ரெண்டும் உங்க ரேம்தான், ஹாஜியார். ஒன்னும் களவு போகல்ல, ஒன்னும் மாறவும் இல்ல. பஸ்லி, போன் வெளிச்சத்தப் புடி.”

கரண்டைக் கழற்றிவிட்டுப் பஸ்லி வெளிச்சத்தைப் பிடித்தான். இரண்டாவது ஸ்லொட்டின் ஒடுங்கிய வாய்க்குள், ஓரமாக, கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

“ஒரு ஊசி வேணும்” என்றார் மிஸ்.

றுஸ்னா தன் முந்தானைத் துணியில் குத்தியிருந்த பின்னைக் கழற்றி நீட்டினாள். மிஸ் கண்ணாடியை மூக்கில் இறக்கி, மீன் முள் எடுப்பவரைப்போல் குனிந்து மெல்லக் கிளறினார். கறுப்புப் பொருள் உருண்டு வந்து அவருடைய உள்ளங்கையில் விழுந்தது. சின்னத் தலை, நாலு பல். கூடவே வாசமும் வந்தது.

“கராம்பு” என்றான் பஸ்லி. அவனுடைய நாக்கு இன்னும் விறைத்துத்தான் இருந்தது.

ஸ்லொட்டை ஊதிவிட்டு, இரண்டு ரேம்களையும் அவரவர் இடத்தில் வைத்து அழுத்தச் சொன்னார் மிஸ். இந்தத் தடவை இரண்டு பக்கமும் டக் டக் என்று கொளுக்கி விழுந்தது. திரையில் பதினாறு தெரிந்தது.

றுஸ்னா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. பஸ்லி சுவரில் மாட்டியிருந்த கல்யாணக் கார்டு மாதிரிகளை மிகுந்த அக்கறையோடு படிக்க ஆரம்பித்தான். கல்யாணக் கார்டைப் படித்துக் கண் கலங்கிய ஒரே ஆள் மாத்தளையில் அவனாகத்தான் இருப்பான்.

ஹாஜியார் சுதாரித்துக்கொண்டார். “அப்ப, களவெடுக்கல்ல. சரி. ஆனா, ஜும்ஆ நேரம் தனியா இருந்தவ கராம்பப் போட்டு மெஷினக் கெடுத்திருக்கிறா! எதிர்க்கடை போடுறவளுக்கு என்ட கட ஓடக்கூடாதுண்டு ஆசை!”

பஸ்லி சட்டென்று திரும்பினான். வாயைத் திறப்பதற்குள் மிஸ் முந்திக்கொண்டார்.

“உங்க போனக் கொஞ்சம் எடுங்க, ஹாஜியார். றுஸ்னா அனுப்பின வொய்ஸ் மெசேஜ் கேட்டீங்களா?”

“எனக்கு எங்க அதுக்கு நேரம்?”

“இப்ப கேப்பம். சத்தமா வைங்க.”

ஹாஜியார் வேண்டா வெறுப்பாக அழுத்தினார். றுஸ்னாவின் குரல் கடை முழுக்கக் கேட்டது. “ஹாஜியார், கட தொறந்து மெஷினப் போட்ட நேரத்துலேர்ந்து இழுக்குது. நேத்துப் பின்னேரம் நான் பஸ்ஸுக்குப் போகக்க நல்லாத்தானே இருந்துச்சு. ராவைக்கு நீங்க அதுல ஏதும் செஞ்சீங்களா?”

மிஸ் போனை வாங்கி, மெசேஜ் வந்த நேரத்தை அவருடைய மூக்குக்கு முன்னால் பிடித்தார். “வெள்ளிக்கிழம காலையில. ஜும்ஆவுக்கு பாங்கு சொல்றதுக்கு ரொம்ப முன்னாடி. இவ தனியா இருந்த நேரத்துக்கும் இந்தக் கராம்புக்கும் சம்பந்தமே இல்ல. இது நடந்தது வியாழக்கிழம பின்னேரம் கட மூடினதுக்கும் மறுநாள் தொறந்ததுக்கும் நடுவுல. வியாழக்கிழம பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குப் பொறகு கடையக் கூட்டி சாம்பிராணி புடிக்கிறது யாரு, ஹாஜியார்?”

அதை மாத்தளையில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. வாரா வாரம் அந்தத் தெருவே மணக்கும். அதை ஹாஜியார் வேறு யாரிடமும் விடமாட்டார்.

“சாம்பிராணி புடிச்சா? புடிச்சா மெஷினத் தொறப்பாங்களா?” குரல் இறங்கியிருந்தது. “நான்தான் சொன்னேனே. எனக்கு அதப் பத்தி ஒண்டும் தெரியா.”

“கைக்குத் தெரியுதே” என்றார் மிஸ். “ரேமை எடுங்கன்னு மட்டும்தான் சொன்னேன். எப்பிடி எடுக்கிறதுன்னு நானும் சொல்லல்ல, றுஸ்னாவும் சொல்லல்ல. மொத மொதலாப் பாக்கிறவங்க நடுவுல புடிச்சு இழுப்பாங்க. உங்க ரெண்டு பெருவிரலும் நேராக் கொளுக்கிக்குப் போச்சு. சுவிட்ச் எங்க இருக்குன்னு தெரியாத மனுசனுக்குக் கொளுக்கி எங்க இருக்குன்னு எப்பிடித் தெரியும்?”

ஹாஜியார் தன் பெருவிரல்களைப் பார்த்தார். இரண்டும் அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தன. பின்னால் இருந்த கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“எறும்பு வந்துச்சு, நோனா” என்றார். “அம்ஹர் சொன்னதுலேர்ந்து நித்திர இல்ல. சாம்பிராணி புடிச்சிட்டு மூடியத் தொறந்து பாத்தேன். ஒரு எறும்பு அந்த ரேமுக்கு அடியில ஓடிச்சு. இழுத்துப் பாத்தேன், வரல்ல. தடவித் தடவிக் கொளுக்கியக் கண்டுபுடிச்சுக் கழட்டினேன். எறும்பத் தட்டிட்டு, திரும்ப வச்சேன். ஒரு கைப்பிடி கராம்பும் போட்டேன். எல்லா லாச்சிக்கும் போடுற மாதிரித்தான்.”

“எந்த ஒழுங்குல போட்டீங்க? ரேமை வச்சிட்டுக் கராம்பா, கராம்பப் போட்டுட்டு ரேமா?”

ஹாஜியார் கண்ணை மூடினார். “கராம்பு, பொறகு ரேம். ஃபேன்ல மாட்டிரும்ண்டு பயந்து மிச்சக் கராம்பப் பொறக்கி எடுத்தேன். உள்ள விழுந்தது கண்ணுல படல்ல.”

“காலையில கத்தக்க இது ஞாபகத்துல இருந்துச்சா?” இதைக் கேட்டது றுஸ்னா. எழுந்து நின்றிருந்தாள்.

வந்த பதில் யாருக்குமே பிடிக்கவில்லை, சொன்னவருக்கும்தான்.

“இருந்துச்சு, மகள். நான்தான் கெடுத்துட்டேன்போலண்டு நெஞ்சு பதறிச்சு. அப்பத்தான் அம்ஹர் ‘யாராவது மாத்தியிருக்கலாம்’ண்டான். அது நல்ல வார்த்தையா ஈந்துச்சு. நீயும் போகப் போறே. அந்தக் கோவமும் ஈந்துச்சு. ஒரு சொல்லு சொன்ன பொறகு திருப்பி வாங்க வெக்கமாப் போச்சு.”

வெளியே பள்ளிவாசலில் அஸருக்குப் பாங்கு ஒலித்தது. தெருவில் கடைக்காரர்கள் ஒவ்வொருவராகப் படியிறங்க ஆரம்பித்தார்கள். ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்தார்.

“நான் ட்ரஸ்டிமார்கிட்ட ஒண்டும் சொல்ல மாட்டேன். பேச்ச விட்டுருவம்.”

“விட ஏலாது, ஹாஜியார்” என்றாள் றுஸ்னா. “காலையில மிட்டாய்க்கடைக்காரருக்குக் கேக்கிற மாதிரிக் கத்தினீங்க. அந்தக் கத இப்ப எங்கெல்லாம் போயிருக்குதோ தெரியா. அதே சத்தத்துல, அதே எடத்துல சொல்லுங்க. பள்ளியிலயும் சொல்லுங்க.”

ஹாஜியார் மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் சீனிப் போத்தலுக்குள் கராம்பு எண்ணிக்கொண்டிருந்தார். பஸ்லியைப் பார்த்தார்.

“வாங்க ஹாஜியார், நானும் தொழத்தான் போறேன்” என்றான் பஸ்லி. “உங்களுக்குப் பின் சஃபு வரிசையிலதான் நிப்பேன். சத்தம் காணாட்டி இருமிக் காட்டுறேன்.”

மிட்டாய்க்கடை வாசலில் ஹாஜியார் நின்றார். நின்றவர் ஒருமுறை தொண்டையைச் செருமினார். பிறகு, காலையில் கத்தியதைவிட ஒரு பங்கு கூடவே சத்தமாகச் சொன்னார். “கேளுங்க! எங்கட றுஸ்னா ஒண்டையும் எடுக்கல்ல. மெஷினக் கெடுத்தது நான். பழியப் போட்டதும் நான். கராம்பு என்ட கராம்பு!” தெரு ஒரு கணம் நின்று கேட்டது. ஜிலேபி சுற்றிக்கொண்டிருந்தவரின் கை நின்றுபோய், ஒரு ஜிலேபி வாலோடு வளர்ந்துவிட்டது. பள்ளியில் பஸ்லி இருமவேண்டிய தேவையே வரவில்லை.

*

தொழுகை முடிந்து வந்ததும் ஹாஜியார் பின்னறையைத் திறந்தார். றுஸ்னாவின் கொம்பியூட்டரை வேறு யாரையும் தொடவிடாமல் தானே தூக்கி வந்து த்ரீவீலின் பின்சீட்டில் மிஸ்ஸுக்கும் றுஸ்னாவுக்கும் நடுவே வைத்தார். மூச்சு வாங்கியது. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். பிரிக்க முன்பே வாசம் வந்துவிட்டது.

“இரத்தோட்டையிலயும் எறும்பு ஈக்கும், மகள்.”

றுஸ்னா பொட்டலத்தையும் அவரையும் பார்த்தாள். “தேத்தண்ணிக்கு வச்சிக்கிறேன், ஹாஜியார். மெஷின் பக்கம் கொண்டு போக மாட்டேன்.” சிரிக்கவில்லை. ஆனால் வாங்கிக்கொண்டாள்.

ஹாஜியார் போகவில்லை. த்ரீவீலின் கம்பியைப் பிடித்தபடியே நின்றார். “நுஸ்லாட கல்யாணம் வருது, தெரியும்தானே.”

நுஸ்லா அவருடைய ஒரே மகள். ஊருக்கே கல்யாணக் கார்டு அடிக்கும் ஹாஜியார், அந்தக் கார்டுக்காக ஆறு மாதமாகத் தாள் பொறுக்கிக்கொண்டிருப்பதும் எல்லோருக்கும் தெரியும்.

“அந்தக் கார்ட நீ செய். உன்ட கடையில.”

மிஸ் வெளியே பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஸ்லிக்குப் பகலில் மாடியில் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. யாரு மகள்ட கல்யாணக் கார்டக் குடுப்பாங்க என்று கேட்டவள், கொம்பியூட்டரை ஒரு கையால் அணைத்துக்கொண்டாள். கன்னத்தில் இறங்கியதைத் துடைக்கவும் இல்லை.

“செய்றேன்” என்றாள் கடைசியில். “ஆனா கார்ட்டுக்குக் கீழ கடைட பேர் போடுவேன், ஹாஜியார். என்ட கடைட பேர்.”

மாத்தளை முழுக்கப் போகப்போகிற கார்டு. ஹாஜியார் த்ரீவீலின் கம்பியை விட்டார்.

“பெருசாப் போடு” என்றார்.

பஸ்லி த்ரீவீலை உதைத்துக் கிளப்பி இரத்தோட்டைப் பக்கம் திருப்பினான்.